சீருடைக் கனவும் கடல் கடந்த பயணமும்

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



பேசுவதற்கு எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு "கல்வியும் முன்னேற்றமும்" என்பதாகும். தலைமையாசிரியர் அனுமதியோடு அதைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். எல்லா முன்னேற்றத்தையும் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். இப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளிக்குப் போய், எஸ்.பி.எம். முடித்து, பாலம் தாண்டி, சிங்கப்பூரில் 12 ஆண்டுகள் துணைப் போலீஸ் சீருடை அணிந்தவன் நான். ஆகவே சீருடைக் கனவோடு வெளிநாடு போக நினைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

இந்தக் கனவு நம் லயத்துப் பிள்ளைகளிடம் இன்று நிறையவே இருக்கிறது. கோயில் திடலில் பந்து விளையாடும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். "அண்ணே, சிங்கப்பூர்ல போலீஸ்ல சேரலாம்னு இருக்கேன், அப்புறம் அங்கேருந்து ஆஸ்திரேலியா போயிடலாம்ல?" என்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா கண்கலங்கி நிற்பார். "தம்பி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க, இவன் போக வேணாம்னு" என்பார். இருவருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். போவதும் தவறில்லை, இருப்பதும் தவறில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான் தவறு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸ் வேலைக்காகக் கடல் கடப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அன்று. நம் நாட்டின் கதையே அதற்குச் சாட்சி. 1873ஆம் ஆண்டில் பேராக்கில், தைப்பிங் பக்கத்து லாருட் ஈயச் சுரங்கங்களில் பெரும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அதை அடக்குவதற்காகக் கேப்டன் ஸ்பீடி என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியா சென்று, சீக்கியர்களும் பட்டாணியர்களும் அடங்கிய நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்து வந்தார். பேராக் ஆயுதப் போலீசுக்கு அதுவே அடித்தளம். 1881இல் சிங்கப்பூரிலும் சீக்கியப் போலீஸ் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. பஞ்சாபில் ஏரோட்டிக்கொண்டிருந்த இளைஞன் கப்பலேறி வந்து இங்கே துப்பாக்கி ஏந்தினான். அவர்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று இந்நாட்டில் வழக்கறிஞர்களாகவும் மருத்துவர்களாகவும் இருக்கிறார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. சீக்கியப் பிரிவுக்குப் பதிலாக 1949 ஏப்ரலில் சிங்கப்பூரில் கூர்க்காப் பிரிவு அமைக்கப்பட்டது. நேப்பாள மலைக் கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வரும் வீரர்கள் அவர்கள். இன்றும் முக்கியமான இடங்களைக் காவல் காக்கிறார்கள். ஆனால் பணிக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு நேப்பாளம் திரும்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு. அவர்களும் அதைத் தெரிந்துகொண்டேதான் வருகிறார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் நான் ஏன் சொல்கிறேன்? ஒரு நாடு உனக்குச் சீருடை கொடுப்பது வேறு, வீடு கொடுப்பது வேறு. சீருடை கிடைத்துவிட்டால் குடியுரிமையும் கூடவே கிடைத்துவிடும் என்று எண்ணிக்கொண்டு நம் பிள்ளைகள் வண்டி ஏறுகிறார்கள். அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். அங்கே போலீஸ் படை வேறு, துணைப் போலீஸ் வேறு. துணைப் போலீஸ்காரர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவை நிறுவனங்கள். ஆனால் அவர்களுக்கு அதிகாரம் வருவது 2004ஆம் ஆண்டுப் போலீஸ் படைச் சட்டத்தின் கீழ். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளில் நிற்பவர்கள், விமான நிலையத்தில் காவல் காப்பவர்கள், வங்கிப் பண வண்டியோடு ஆயுதம் ஏந்திப் போகிறவர்கள் பலர் இவர்கள்தாம். நம் மலேசியர்கள் நீண்ட காலமாக இந்த வேலையில் சேர்ந்து வருகிறார்கள். கௌரவமான வேலை. பயிற்சி கடுமை. துப்பாக்கிப் பயிற்சி உண்டு, சட்டப் பாடம் உண்டு, ஓட்டம் உண்டு. நான் சேர்ந்த முதல் மாதம் காலில் கொப்புளத்தோடுதான் தூங்கினேன்.

சம்பளத்தை மறைத்துப் பேச வேண்டியதில்லை. 1973 வரை நம் வெள்ளியும் அவர்கள் வெள்ளியும் சரிக்குச் சரி. அண்மைக் காலத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அந்தப் பணத்தில்தான் என் தங்கை படித்தாள். அந்தப் பணத்தில்தான் லயத்தை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போனோம். நன்றி மறக்கக்கூடாது.

ஆனால் அந்தச் சம்பளத்துக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? காலை எட்டு மணிக்கு வேலை என்றால், விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை உதைக்க வேண்டும். மழையிலும் பாலத்தில் வரிசை நிற்க வேண்டும். 12 மணி நேரம் நின்றுகொண்டே வேலை. திரும்பி வந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்கும். தீபாவளி நமக்குத்தான், சோதனைச் சாவடிக்கு இல்லை. என் தகப்பனார் மருத்துவமனையில் கண்ணை மூடியபோது நான் பணியில் இருந்தேன். மாற்று ஆள் வந்து, ஆயுதத்தை ஒப்படைத்து, பாலம் தாண்டி வந்து சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். இது யார் குற்றமும் இல்லை. சீருடை வேலை என்றால் அப்படித்தான். இதற்கு மனம் தயாரா என்று பிள்ளையும் யோசிக்க வேண்டும், பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

என்னுடைய அனுமதி அந்த வேலையோடு கட்டப்பட்ட அனுமதி. ஒப்பந்தம் முடிந்தது, சீருடையைத் திருப்பிக் கொடுத்தேன், ஊருக்கு வந்தேன். அங்கே 12 ஆண்டு காவல் காத்ததால் நான் அந்நாட்டவன் ஆகிவிடவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. முதல் நாளே தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

இனி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து. "அங்கே போலீஸ்ல ஆள் எடுக்கிறாங்களாம்" என்று கைப்பேசியில் படம் காட்டுகிறார்கள். ஆள் எடுப்பது உண்மைதான். யாரை எடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா போன்ற மாநிலப் போலீசில் சேர அந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். நியூசிலாந்துக்காரர்களுக்கும் இடம் உண்டு. நியூசிலாந்துப் போலீசும் தன் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும்தான் எடுக்கிறது. இங்கிலாந்தில் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு வாய்ப்பு உண்டு. மலேசியாவும் காமன்வெல்த் நாடுதான். ஆனாலும் அங்கே தடையின்றித் தங்கும் உரிமை முதலில் வேண்டும். பின்னணியைச் சோதிப்பதற்காகப் பொதுவாக மூன்றாண்டுகளாவது அங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும்.

ஆகவே வரிசையைக் கவனியுங்கள். போலீஸ் வேலை கிடைத்து, அதனால் அந்த நாட்டில் குடியேறுவது என்பது பொதுவாக நடவாத காரியம். முதலில் வேறொரு தொழிலில் தேர்ச்சி பெற்று, முறைப்படி குடியேறி, நிரந்தரவாசம் பெற்று, அதன் பிறகு போலீசுக்கு மனுச் செய்வது நடக்கக்கூடிய காரியம். தாதிமை, மின்சார வேலை, இரும்பு ஒட்டும் வேலை, கணக்கியல் என்று எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. கைத்தொழில் உள்ளவனுக்குத்தான் கதவு திறக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பொறுமை வேண்டும்.

இன்னொன்று. மலேசியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் நம் குடியுரிமை போய்விடும். நம் பாட்டன் பூட்டன் காட்டை அழித்து, பால்மரம் நட்டு, வேர்வை சிந்திப் பெற்ற உரிமை அது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெற்றோர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். "நான் வாங்கித் தருகிறேன் போலீஸ் வேலை, இத்தனை ஆயிரம் வெள்ளி கொடு" என்று எவனாவது லயத்துக்கு வந்தால், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பணம் கொடுக்காதீர்கள். எந்த நாட்டுப் போலீஸ் படையும் காசு வாங்கும் தரகனை வைத்து ஆள் சேர்ப்பதில்லை. 2022இல் என்ன நடந்தது? நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போன மலேசிய இளைஞர்கள் அடைத்து வைக்கப்பட்டு, தொலைபேசியில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்யும்படி அடித்து உதைக்கப்பட்டார்கள். மீட்டு வருவதற்கு அரசாங்கமே தலையிட வேண்டியிருந்தது. தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையை அப்படி ஓர் இடத்துக்கு அனுப்பலாமா?

சரி, வெளிநாடு ஒருபுறம் இருக்கட்டும். நம் நாட்டுப் போலீஸ் படை இருக்கிறதே! 1807 மார்ச் 25ஆம் நாள் பினாங்கில் நீதிச் சாசனம் வந்ததை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் போலீஸ் தினம் கொண்டாடும் படை அது. அதில் நம்மவர்கள் மிகக் குறைவு. மனுச் செய்யுங்கள் என்று அதிகாரிகளே பலமுறை அழைப்பு விடுத்திருக்கிறார்கள். மனு இணையத்தில், காசில்லாமல். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகுது" என்று மனுவே போடாமல் இருந்தால் எப்படிக் கிடைக்கும்? ஒருமுறை கிடைக்காவிட்டால் மறுமுறை போடுங்கள். வெளிநாட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் சொந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

உள்ளூரானாலும் வெளியூரானாலும் வேண்டியவை ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம்.

முதலாவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாளக் கார்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இருந்தால் எந்தப் படையிலும் சிக்கல்தான். தோட்டத்தில் இன்னும் சிவப்பு ஐசியோடு இருக்கும் குடும்பங்கள் உண்டு. பிறப்பைப் பதியாத பிள்ளைகளும் உண்டு. பதினெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே பதிவிலாகாவுக்குப் போங்கள். தனியாகப் போகத் தயங்கினால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சொல்லுங்கள், கூட வருவதற்கு நான் இருக்கிறேன்.

இரண்டாவது, மொழி. 2013 முதல் தேசிய மொழியோடு வரலாற்றுப் பாடத்திலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்கும். சாட்சி சொன்னதைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாதவன் போலீசுக்கு ஆகமாட்டான். ஆங்கிலமும் வேண்டும். தமிழை விட்டுவிடலாமா என்று கேட்காதீர்கள். சோதனைச் சாவடியில் மயங்கி விழுந்த ஒரு பாட்டிக்கு என்ன மருந்து, எந்த ஊர், யார் மகன் என்று கேட்டு அறிந்தது என் தமிழ்தான். அதை இந்தப் பள்ளிதான் கொடுத்தது.

மூன்றாவது, உடம்பு. இரண்டரைக் கிலோமீட்டரை மூச்சு வாங்காமல் ஓடப் பழகுங்கள். தோட்டத்தில் பாதைக்கு என்ன பஞ்சம்?

நான்காவது, நடத்தை. வெளிநாட்டுக்கு மனுச் செய்தால் விஸ்மா புத்ரா வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழைப் பல நாடுகள் கேட்கும். பதினேழு வயதில் கும்பலோடு சேர்ந்து போட்ட ஓர் இரவுச் சண்டை, இருபத்தைந்து வயதில் வந்து குறுக்கே நிற்கும். "சும்மா கூடப் போனேன்" என்று அப்போது சொன்னால் யார் கேட்பார்கள்? தம்பிகளே, கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போதே உங்கள் வேலையையும் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

ஐந்தாவது, நேர்மை. சோதனையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாதவன், கீழே கிடந்த ஐந்து வெள்ளியை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன், சின்னப் பையனை அடிக்கும்போது தடுத்தவன், இவன் எந்த நாட்டுச் சீருடையும் அணியத் தகுந்தவன். சீருடை இல்லாவிட்டாலும் மதிக்கத் தகுந்தவன்.

இன்று பரிசு பெறும் மாணவச் செல்வங்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். பரிசு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். நான் இந்தப் பள்ளியில் படித்த ஆறு ஆண்டும் மேடை ஏறிப் பரிசு வாங்கியதில்லை. இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோகும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரவு சாப்பாடு முடிந்ததும் பத்திரப் பெட்டியைத் திறந்து, பிள்ளைகளின் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பள்ளி அலுவலகத்துக்கு வாருங்கள்.