கொம்பும் மூக்கும்

மாட்டின் கொம்பு முறிந்தவிடத்து அதன் மூக்கின் வழியே குருதி வடிவதைக் கண்டு வியப்புறுவோர் உளர். கொம்பிற்கும் மூக்கிற்கும் என்ன தொடர்பு என அவர்கள் வினவுவர். மண்டையோட்டின் அமைப்பே இதற்கு விடை கூறும்.

மாட்டின் நெற்றியிலுள்ள நுதலென்பு இரு தகடுகளாலானது. அவற்றிடையே காற்று நிறைந்த அறைகள் உள. அவ்வறைகள் சிறு துளைகளினால் நாசிக்குழியுடன் தொடர்புற்றுள்ளன. கொம்போ, புறத்தே கடினமான உறையும், அகத்தே நுதலென்பிலிருந்து நீண்ட என்புத் தண்டும் உடையது. இளங்கன்றில் கொம்பின் முளை தோலுடன் மட்டுமே ஒட்டியிருக்கும். ஏறத்தாழ 2 மாதங்களில் அது மண்டையோட்டுடன் பிணைகின்றது. கன்று 6 மாதங்களைக் கடந்தபின் காற்றறை அத்தண்டினுள்ளும் மெல்லப் பரவுகின்றது.

ஆகவே, வளர்ந்த மாட்டின் கொம்பு அடியோடு முறியுமாயின், மூக்குவரை செல்லும் வழியொன்று திறந்துவிடுகின்றது. அப்புண்ணில் சாணமோ சேறோ அப்புதல் பெருங்கேடு. அழுக்கு உட்சென்று சீழ் பிடிக்கும். தலையைச் சரித்து நிற்றல், தீன் மறுத்தல், ஒரு நாசியில் மட்டும் சீழ் வடிதல் என்பன அதன் அறிகுறிகள். கொம்பு முறிந்து மாதங்கள் சில கழிந்த பின்னரும் அவை தோன்றுதல் கூடும்.

குருதி பெருகுமாயின் தூய துணியால் அழுத்திக் கட்டி, உடனே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும். கொம்பை விரும்பாதோர், கன்று 2 மாதம் நிரம்புமுன், மிருக வைத்தியரைக் கொண்டு விறைப்பு மருந்தேற்றி முளையை அகற்றுவித்தல் நன்று. அப்பருவத்தில் முளையின் கீழ்க் காற்றறை இல்லையாதலின், புண் விரைவில் ஆறும்.