அரிவாளுக்கு லைசென்ஸ் கொடுக்க முடியுமா?

இன்னைக்கு ஒரு பிளஸ் ஒன் மாணவி அனுப்பின கேள்விதான் எபிசோடே. "அண்ணா, அமெரிக்காவுல ஸ்கூல்ல சுட்டா கன் கன்ட்ரோல்னு பேசுறாங்க. நம்ம ஊர்ல அரிவாளோட வர்றாங்களே, அதுக்கு என்ன கன்ட்ரோல்?"

நல்ல கேள்விம்மா. முதல்ல அமெரிக்காவைப் பார்த்துட்டு வந்துடுவோம். 2022 மே 24, டெக்சஸ்ல யுவால்டி. 19 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். சுட்டவனுக்கு வயசு 18. அந்தத் துப்பாக்கியை அவன் திருடல, சட்டப்படி காசு கொடுத்து வாங்கினான். ஒவ்வொரு முறையும் அங்க ஒரு கோஷ்டி, "கொல்றது துப்பாக்கி இல்ல, மனுஷன்தான்"னு சொல்லும். அவங்களுக்கு நான் ஒரே ஒரு தேதியைச் சொல்வேன். 2012 டிசம்பர் 14. அன்னைக்கு சீனாவோட ஹெனான் மாகாணத்துல ஒரு ஆள் கத்தியோட ஆரம்பப் பள்ளிக்குள்ள புகுந்தான். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு வெட்டு. ஒரு குழந்தையும் சாகல. அதே நாள் அமெரிக்காவுல சாண்டி ஹூக் பள்ளி. 20 குழந்தைகள், 6 பெரியவங்க, எல்லாரும் செத்துட்டாங்க. அங்க கையில இருந்தது துப்பாக்கி, அதுவும் அவன் அம்மா வாங்கி வீட்ல வச்சிருந்தது.

அதனால ஆயுதம் எதுங்கிறது ரொம்ப முக்கியம். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வைக்க முடியாது, பொதுவா 21 வயசு ஆகணும். 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தர் ரெண்டுக்கு மேல வச்சிருக்கவும் கூடாது. அப்படியும் 2007 டிசம்பர்ல குர்கான்ல ஒரு தனியார் பள்ளியில எட்டாவது படிக்கிற பையனை அவன் கூடப் படிச்சவங்களே சுட்டுக் கொன்னாங்க. துப்பாக்கி ஒரு பையனோட அப்பாவுடையது. ஆனா நம்ம நாட்டுல இது அபூர்வம். அந்தச் சட்டத்துக்கு நாம நன்றி சொல்லணும்.

சரி, அரிவாளுக்கு வருவோம். ஆயுத விதிகள்ல ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளம், இல்லன்னா ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலம் இருக்கிற கத்தியும் ஆயுதம்தான். ஆனா வீட்டு வேலை, விவசாய வேலைக்கானதுக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாம எப்படி? இங்க முகப்பேர்ல தெருமுனைக்குத் தெருமுனை இளநீர் வண்டி நிக்குது. எல்லா வண்டியிலயும் அரிவாள். மீன்கடையில கத்தி. எத்தனை பேருக்கு லைசென்ஸ் கொடுப்பீங்க? 2021ல தமிழ்நாடு போலீஸ், பட்டறையிலயும் கடையிலயும் கத்தி, அரிவாள் வாங்குறவங்க பேரு, முகவரி, போன் நம்பரை எழுதி வைக்கச் சொன்னாங்க. மொத்தமா வாங்குற ரவுடிக்கு அது ஒரு தடை. அடுக்களையில இருந்து எடுத்துப் பையில போட்டுக்கிட்டு வர்ற பையனுக்கு?

2025 ஏப்ரல்ல பாளையங்கோட்டையில எட்டாவது படிக்கிற ஒரு பையன், புத்தகப் பையில அரிவாளை வச்சுக் கொண்டு வந்து வகுப்புல கூடப் படிச்சவனை வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். சண்டை ஒரு பென்சில்ல ஆரம்பிச்சதா செய்தி. 2012 பிப்ரவரியில பாரிமுனைல ஒரு ஒன்பதாவது மாணவன் வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் குத்திக் கொன்னான். அப்போ வந்த விவாதங்கள்ல பாதி, அவன் பார்த்த ஒரு ஹிந்திப் படத்தைப் பத்தி. நமக்கு சினிமாவைத் திட்டுறது சுலபம்.

எனக்கு இதுல மறக்கவே முடியாதது நாங்குநேரி. 2023 ஆகஸ்ட். வள்ளியூர்ல பிளஸ் டூ படிச்ச ஒரு பட்டியல் சமூக மாணவர். பள்ளியில ஆதிக்க சாதிப் பசங்க தொடர்ந்து தொல்லை கொடுத்ததால ஸ்கூலுக்குப் போறதையே நிறுத்திட்டார். ஏன் வரலைன்னு பள்ளியில விசாரிச்சாங்க. அவரும் சொன்னார், புகாராவும் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரியே அரிவாளோட வீடு புகுந்து வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு.

வரிசையைக் கவனிங்க. அந்தப் பையன் செய்ய வேண்டியதைச் சரியா செஞ்சார். "பிரச்சனைன்னா பெரியவங்ககிட்ட சொல்லு"ன்னு நாமதான பசங்களுக்குச் சொல்லித் தர்றோம்? அவர் சொன்னார். சொன்னது மணிக்கணக்குல அந்தப் பசங்க காதுக்குப் போயிடுச்சு, ஆனா அவரைப் பாதுகாக்க ஒருத்தரும் வரல. (அடுத்த வருஷம் அவர் பிளஸ் டூவுல 600க்கு 469 வாங்கினார். பரீட்சையை எழுதினதே பெரிய விஷயம்.)

இதுக்கு அப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமையில அரசு ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. அறுநூறு பக்கத்துக்கு மேல. ஆனா டிவியில ஓடினது ரெண்டே விஷயம்: சாதியைக் காட்டுற கலர் கயிறு, நெத்தியில வைக்கிற பொட்டு. கயிறு புதுசும் இல்ல. 2019லயே பள்ளிக் கல்வித்துறை கயிறுக்குத் தடைன்னு ஒரு சுற்றறிக்கை விட்டு, எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே பின்வாங்கினார். நாங்குநேரிக்கு நாலு வருஷம் முன்னாடி!

என் பார்வையில அந்த அறிக்கையோட உயிர் வேற இடத்துல இருக்கு. பெரிய பள்ளிகளுக்கு பள்ளி நல அலுவலர்னு ஒருத்தரைப் போடச் சொல்றாங்க. பாடம் நடத்தாத, புகாரைக் கேட்கிறதையே வேலையா வச்சிருக்கிற ஆள். ஏன்னா இப்போ புகாரைக் கேட்கிறவர் யாரு? அதே ஊர்ல இருக்கிற, அதே சாதிச் சங்கத்தோட கல்யாணப் பத்திரிகையில பேரு வர்ற ஒரு ஆசிரியரா கூட இருக்கலாம். அரசுப் பள்ளிகள்ல "மாணவர் மனசு"ன்னு புகார்ப் பெட்டி வச்சிருக்காங்க. நல்ல யோசனைதான். பெட்டியை யார் திறக்குறாங்க, திறந்த பிறகு யாருக்கெல்லாம் சொல்றாங்க, அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

அப்போ உன் கேள்விக்கு பதில், தங்கச்சி. துப்பாக்கியைக் கடையில தடுக்கலாம். அரிவாளைக் கடையில தடுக்க முடியாது. அதைத் தடுக்கிற இடம், ஒரு பையன் ஸ்கூலுக்கு வராம நின்ன முதல் வாரம். மெட்டல் டிடெக்டர் வைக்கலாம்னு சிலர் சொல்றாங்க. வச்சாலும் நாங்குநேரியில ஒண்ணும் ஆகியிருக்காது, வெட்டினது வீட்டுக்குள்ள.

உங்க ஸ்கூல்ல புகார்ப் பெட்டி இருக்கா, கடைசியா எப்போ திறந்தாங்கன்னு எழுதுங்க, பேரு போட வேண்டாம். உடனே உதவி வேணும்னா 1098, பள்ளி சம்பந்தமா 14417. அடுத்த வாரம் பார்க்கலாம்.