எந்தச் சங்கத்தில் சேர்வது?



கோப்பெங்கில் ஒரு வீடு. மகனுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பெட்டி கட்டும்போது அம்மா சொல்கிறார்: "ஐயா, சங்கம் கிங்கம்னு எதிலும் சேராதே. படிச்சமா வந்தமான்னு இரு."

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,313 பேர். அவர்களில் ஏறக்குறைய 71 விழுக்காட்டினர் இந்தியர்கள்!

ஆனால், கும்பல் வேறு, சங்கம் வேறு. இதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி.சம்பந்தன். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் 10 வெள்ளி கட்டித்தானே தோட்டப் பாட்டாளிகள் பங்குதாரர் ஆனார்கள்? தோட்டத் துண்டாடலில் வேலை இழந்து நின்ற சமுதாயம், தோட்டங்களையே விலைக்கு வாங்கியது! (கைதட்டல்)

பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை இருக்கிறது. சிறுகதைப் போட்டி நடத்துகிறது, நூல் வெளியிடுகிறது. வேறு மன்றங்களும் அழைக்கும். எதில் சேர்வது? மூன்று கேள்வி கேட்கட்டும்: கணக்குக் காட்டுவார்களா? கூட்டத்தில் மறுத்துப் பேசலாமா? விலக நினைத்தால் விடுவார்களா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால், அது சங்கமே அல்ல.

தாய்மார்களே, பிள்ளையிடம் "சேராதே" என்று சொல்லாதீர்கள். "எதில் சேர்ந்தாய், ஐயா?" என்று கேளுங்கள்!