உடைகலக் கரையில் ஒரு பகல்

 

'பயணமும் இலக்கியமும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். நம்மவர் எழுதும் அயல்நாட்டுப் பயண நூல்களில் அருவியும் அருங்காட்சியகமும் தவறாமல் இடம்பெறும்; மனத்தைக் கலக்கிய இடங்கள் பெரும்பாலும் இடம்பெறா. அத்தகைய ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். கனடா நாட்டின் மேற்குக் கோடியில், வான்கூவர் நகரை ஒட்டி, ரெக் கடற்கரை என்றொரு கடற்கரை உண்டு. அங்கு வருவோர் ஆடையோடும் இருக்கலாம், ஆடையின்றியும் இருக்கலாம். 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு பகற்பொழுதை அங்கே கழித்தேன். இதனை மேடையில் கூற வேண்டா என்று உடன் பணியாற்றுவோர் சிலர் அன்போடு தடுத்தனர். ஆண்டுதோறும் வகுப்பில் மணிமேகலையைக் கற்பிக்கும் ஒருத்தி இதற்குத் தயங்குவது முறையாகாது. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் கடலை நோக்கி நீண்ட மேட்டுநிலம் ஒன்றில் அமைந்துள்ளது. அதன் விளிம்பில், 1976இல் எழுந்த கட்டடத்தில், மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கின்றது. ஹைடா பழங்குடி மரபில் வந்த பில் ரீட் என்னும் சிற்பி படைத்து, 1980இல் நிறைவுற்ற பெரிய மரச்சிற்பம் ஒன்றைக் காணவே நான் அங்குச் சென்றேன். கரையில் கிடந்த சிப்பிக்குள்ளிருந்து முதல் மனிதர் வெளிவந்தனர் என்னும் ஹைடா தொன்மத்தை அது காட்டுகின்றது. அண்டங்காக்கை ஒன்று சிறகு விரித்துச் சிப்பியின்மேல் அமர்ந்திருக்க, உள்ளிருந்து ஆடையற்ற சிறு மனிதர் பாதி அச்சமும் பாதி ஆவலுமாக வெளியே பார்க்கின்றனர். சிற்பத்தைத் தாங்கி நிற்பது, இரண்டாம் உலகப் போரில் கடல்வழி வரும் பகைவரைச் சுடுவதற்கென்று அமைத்த பீரங்கி மேடை! பள்ளிச் சிறார் கூட்டமாக நின்று அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒருவரும் தலை கவிழவில்லை.

என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவி, அந்நகரிலேயே குடியேறிவிட்டவர். வெளியே வந்ததும், "அம்மா, இந்த மேட்டுக்குக் கீழேயும் அப்படி ஒரு கரை இருக்கிறது; சிப்பிதான் இல்லை. நீங்கள் விரும்பினால் மட்டும் போகலாம். விரும்பாவிட்டால் நான் சொன்னதாகவே எண்ண வேண்டாம்" என்றார். விரும்பினேன்.

ஆறாம் எண் பாதை என்பர். அடர்ந்த காட்டின் ஊடே ஏறக்குறைய 500 படிகள் இறங்க வேண்டும். முழங்கால் வலி உடையோர் சிந்தித்து இறங்குவது நன்று; இறங்குவதனினும் ஏறுவதே கொடிது. இறங்க இறங்க மரக்கிளைகளின் இடையே கடல் தெரிந்தது. கடலுக்கு அப்பால் நீலமலைத் தொடர் தெரிந்தது. பின்னர் மனிதர் தெரிந்தனர். அலை ஒதுக்கிய பெருமரங்கள் கரை நெடுகக் கிடந்தன. அவற்றின்மீது சாய்ந்து ஒருவர் நூல் படித்துக்கொண்டிருந்தார். மூவர் சீட்டாடினர். தாய் ஒருத்தி மகனின் முதுகில் வெயில் தடுக்கும் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். சிலர் உடுத்தியிருந்தனர், மிகப் பலர் உடுத்தவில்லை. தொங்கிய வயிறு, சுருங்கிய தோல், பேற்றின் வரிகள், அறுவையின் தழும்புகள் என உடம்புக்கு இயல்பாக உள்ளவை யாவும் அங்கு வெயிலில் கிடந்தன. திரைப்படமும் விளம்பரமும் காட்டும் உடம்பு ஒன்றிரண்டே கண்ணிற்பட்டது.

நான் பருத்திப் புடவையோடுதான் இருந்தேன். முன்றானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மரத்தின்மேல் அமர்ந்தேன். முதற் கால்மணி நேரம் என் கண்களை எங்கே வைப்பது என்பதே பெரும் சிக்கலாக இருந்தது. பிறகுதான் ஒன்று புலப்பட்டது. அத்தனை பேர் நடுவே ஆறு கெசப் புடவையில் இருந்தவள் நான் ஒருத்தியே. ஆயினும் என்னை ஒருவரும் உற்று நோக்கவில்லை. நம் ஊர்க் கடற்கரையில் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு நடந்தபோதெல்லாம் என் முதுகில் பதிந்த பார்வைகளை நான் அறிவேன். இங்கு அமர்ந்துள்ள பெண்களும் அறிவர். அத்தகைய பார்வை ஒன்றுகூட இல்லாத பொதுவிடத்தில் நான் இருந்தது அன்றுதான்.

இது தானாக நேர்ந்ததன்று. அக்கரையின் ஒழுங்கு உடம்பின்மேல் விதித்ததன்று, கண்ணின்மேல் விதித்தது. உற்று நோக்கலாகாது, இசைவின்றிப் படம் எடுக்கலாகாது. உச்சிப் பொழுதில் ஓர் இளைஞன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தான். இருபது அடி தொலைவில் இருந்த கிழவர் எழுந்தார். அவரைத் தொடர்ந்து நால்வர் எழுந்தனர். அடி இல்லை, வசை இல்லை. இரண்டொரு சொற்கள் கூறினர். கைப்பேசி பைக்குள் சென்றது. சிறிது நேரத்தில் இளைஞனும் படியேறிச் சென்றான்.

கனடாவின் குற்றவியல் சட்டம் பொதுவிடத்தில் உரிய காரணமின்றி ஆடையற்று இருத்தலைக் குற்றம் என்றே கூறுகின்றது. ஆனால் அட்டர்னி ஜெனரலின் இசைவின்றி அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடுத்தல் இயலாது. கரையைக் காப்பதற்கென 1977இல் தோன்றிய கழகம் ஒன்றும் உண்டு. சட்டம் விட்ட இடைவெளியை மக்களின் கட்டுப்பாடு நிரப்பி வருகின்றது எனலாம்.

இனி மணிமேகலைக்கு வருகின்றேன். 'ரெக்' என்பதற்கு உடைந்த கலம் என்பது பொருள். மாணவி அதனைக் கூறியவுடன் ஆதிரை பிச்சையிட்ட காதைதான் என் நினைவில் எழுந்தது. கலம் உடைந்து, முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு சாதுவன் கரையேறிய இடம் எது? ஆடையற்ற நாகர் வாழும் மலைப்பக்கம். அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்ததால் உயிர் பிழைத்தான். அவர்தம் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தர முன்வந்தபோது மறுத்து அறம் உரைத்தான். என்ன உரைத்தான்? கள்ளை விலக்கு என்றான், கொல்லாதே என்றான், கலம் உடைந்து வருவோரின் உயிரைக் காப்பாற்று என்றான். 'ஆடை உடுத்து' என்று அவன் கூறவே இல்லை! நானும் பல ஆண்டுகள் அக்காதையைக் கற்பித்திருக்கின்றேன். அந்த மௌனம் அக்கரையில் அமர்ந்தபோதுதான் என் காதில் விழுந்தது. சாத்தனார் தீமை எனக் கண்டவை கள்ளும் கொலையும். உடம்பு அப்பட்டியலில் இல்லை. (கள்ளைப் பற்றிய அறிவுரைக்கு ரெக் கடற்கரையிலும் இடம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். கஞ்சாவைக் கனடா 2018இல் சட்டப்படி இசைந்துவிட்டது. அப்புகை எனக்குச் சற்றும் ஒவ்வவில்லை.)

மாலையில் எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் நீராடிவிட்டு எங்கள் அருகில் வந்து அமர்ந்தார். அவருக்கு இடமார்பு இல்லை. அவ்விடத்தில் நீண்ட தழும்பு ஒன்று இருந்தது. என் புடவையின் கரையைப் புகழ்ந்தார். அது கையால் நெய்ததா என்று கேட்டார். பேச்சு வளர்ந்தது. அறுவைக்குப் பின் ஈராண்டு நீச்சல் குளத்திற்கே செல்லவில்லை என்றும், அங்கு உடை மாற்றும் அறையில் பிறர் பரிவோடு முகம் திருப்பிக்கொள்வதைத் தாங்க இயலவில்லை என்றும் கூறினார். இக்கரையில் யாரும் உற்றும் நோக்கவில்லை. முகம் திருப்பிக்கொள்ளவும் இல்லையாம்.

என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அதே அறுவைதான் அவருக்கும். அதன்பின் பதினோராண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு திருமணத்திற்கும் சென்றாரில்லை. கோடை வெயிலிலும் சால்வையை எடுத்தாரில்லை. அவருக்குத் துணையாக இருந்த நாங்களும், அவர் சால்வையைச் சரிசெய்யும்போதெல்லாம் மரியாதை எனக் கருதி வேறு பக்கம் பார்த்தோம்.

திருக்குறளில் கண்ணோட்டம் என்றோர் அதிகாரம் உண்டு. பார்வையைக் குறிக்கும் சொல்லையே பரிவுக்கும் பெயராக்கிக்கொண்ட மொழி நம்முடையது. அம்மூதாட்டிக்கு இதை விளக்க முயன்றேன். என் ஆங்கிலம் போதவில்லை, மாணவியும் உதவினார். அவர் இரண்டு முறை அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தார். ளகரம் இல்லாத சொல் ஆதலால் எளிதாகவே வந்தது. பின்னர்த் துண்டை உதறித் தோளில் இட்டுக்கொண்டு, வெயில் இறங்குமுன் இன்னொரு முறை நீந்த வேண்டும் என்று எழுந்து சென்றார்.