ஒரே கடவுச்சொல் போதுமா?

பதுளையிலோ பசறையிலோ புதுப் போன் வாங்கும் தோட்டத்து மக்கள் பலருக்கு ஜிமெயில், பேஸ்புக் கணக்குகளைக் கடைக்காரத் தம்பியே திறந்து கொடுக்கிறார். மறக்காது என்று அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாகப் போட்டு, பிறகு வங்கிச் செயலிக்கும் அதையே வைத்துவிடுகிறோம். புதிய அட்டையின் 12 இலக்கத்தில் ரகசியம் குறைவு. முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். வங்கி, ஆஸ்பத்திரி, தோட்டத்து ஆபீஸ், போட்டோக்கொப்பி கடை என்று அந்த அட்டை போகாத இடமில்லை.

யாரும் ஊகிக்க முடியாத சொல்லாக இருந்தாலும், அதையே எங்கும் வைத்தால் ஆபத்து தீராது. 2012இல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட சுமார் 11 கோடி 70 லட்சம் பேரின் மின்னஞ்சல், கடவுச்சொல் விவரங்கள் 2016இல் விற்பனைக்கு வந்தன. திருடர்கள் இப்படிப்பட்ட பட்டியலை வைத்து மற்றத் தளங்களிலும் கணினி மூலம் வரிசையாக முயன்று பார்க்கிறார்கள்.

"என் கணக்கில் எடுக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். உங்கள் உறவுகள் இருக்கிறார்கள். 2023இல் மரபணுப் பரிசோதனை நிறுவனமான ட்வென்டிதிரீ அண்ட் மீயில் இப்படித் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள்தான். அவற்றோடு உறவுத் தொடர்பில் இருந்த சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் அதனால் பறிபோயின. உங்கள் பேஸ்புக் கணக்கு பிறர் கைக்குப் போனால், கட்டாரில் வேலை செய்யும் மகனுக்கு "அம்மாவுக்குச் சுகமில்லை, காசு அனுப்பு" என்று உங்கள் பெயரிலேயே செய்தி போகலாம்.

ஒவ்வொரு கணக்குக்கும் வேறு கடவுச்சொல் என்றால், இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது என்பது நியாயமான கேள்வி. எல்லாக் கணக்கும் ஒரே பெறுமதி உள்ளவை அல்ல. மின்னஞ்சல், வங்கி, போன் பூட்டு ஆகிய மூன்றின் கடவுச்சொற்களும் ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லாதவையாக இருக்கட்டும்; கடைசியில் 1, 2 என்று மாற்றுவது வேறு கடவுச்சொல் ஆகாது. மின்னஞ்சலை முதலில் காப்பாற்றுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். கொப்பியில் எழுதி வைத்தாலும் குற்றமில்லை. பட்டியலோடு அலையும் திருடன் உங்கள் லயத்துக்கு வரப்போவதில்லை. ஒரே காம்பிராவில் பலர் இருக்கும் வீடென்றால், ஒவ்வொரு கடவுச்சொல்லிலும் ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் மனதில் வையுங்கள். கடையில் திறந்து கொடுத்த கணக்கென்றால், வீட்டுக்கு வந்ததும் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிவிடுங்கள்.