பழுப்புத்தாள் உறை போட்ட காதல் கதைகள்

(நத்தார் ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நத்தார் விடுமுறையில் வாசிக்க உகந்த காதல் நாவல்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் தங்கை கேட்டபோது, "இந்த மண்டபத்தில் ஒலிவாங்கி வைத்துக்கொண்டா?" என்றுதான் முதலில் கேட்டேன். எங்கள் காலத்தில் அந்தப் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாள் உறை போட்டு, மேலே 'புவியியல்' என்று எழுதிவைப்போம். விடுதி முழுவதும் புவியியலில் அப்படியொரு ஆர்வம்! விடுதிப் பொறுப்பாளருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

எங்கள் காலம் என்றால் 1970கள். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. தொடர்கதை வாசித்துப் பழகிய அக்காமார் தவித்துப்போனார்கள். அந்த வெற்றிடத்தை ஒருபக்கம் வீரகேசரிப் பிரசுர நாவல்கள் நிரப்பின. மறுபக்கம், நாட்டைவிட்டுப் போன துரைமாரின் வீடுகளிலிருந்து பழைய கடைகளுக்கு வந்த ஆங்கிலப் புத்தகங்கள். அவற்றில் பாதி மில்ஸ் அன்ட் பூன். 1908இல் லண்டனில் ஜெரால்ட் மில்ஸ், சார்ள்ஸ் பூன் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் அது. ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்குவதற்குள் ஒன்றை முடித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு போட்டி.

ஆங்கில நத்தார்க் காதல் கதையின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பனி விழுந்து பாதை அடைபடும். பெரிய வீடு ஒன்றில், ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள். கணப்பு எரியும். மற்றதெல்லாம் தானாக நடக்கும். கொழும்புப் பிள்ளைகளுக்கு அது கற்பனை உலகம். நமக்கோ குளிர், மூடுபனி, புகைபோக்கி வைத்த பங்களா, சைப்பிரஸ் மரம் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. ஆனால் அந்தப் பங்களாவை நம்மில் பலர் பார்த்தது குசினிப் பக்கத்திலிருந்து.

இதை எனக்குக் காட்டியவர் என் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குப்பி விளக்கு வெளிச்சத்தில் "கதை சொல்லு" என்பார். நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வேன். கதாநாயகனின் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "ஏம்புள்ள, அந்தக் கணப்புக்கு வெறகு யாரு சொமந்தா?" என்றுதான் கேட்பார். என் பெரியம்மா துரை பங்களாவில் விடியற்காலையில் எழும்பி அடுப்பு மூட்டியவர். அம்மாவுக்குக் கதையில் அவரைக் காண வேண்டியிருந்தது.

1973, 74ஆம் ஆண்டுப் பஞ்சம் தோட்டங்களில் எப்படி இருந்தது என்று மூத்த அக்காமாருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. கதையிலோ வாத்துப் பொரியல், புடிங், கேக். கூச்சப்பட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகப் பார்த்தேன். அம்மா விடவில்லை. "அத இன்னொருவாட்டி படி" என்றார்.

அதனால் என் தெரிவுகளை அம்மாவின் கேள்வியை வைத்தே சொல்கிறேன்.

முதலாவது, ஜேன் ஒஸ்டினின் 'எம்மா'. நத்தாருக்கு முதல்நாள் இரவு விருந்து. வெளியே பனி. திரும்பும் வண்டியில் எல்டன் என்ற பாதிரியார், தன்னைத் துளியும் விரும்பாத எம்மாவிடம் காதலைக் கொட்டுகிறார். சிரித்து வயிறு வலிக்கும். ஆனாலும் வெளியே அந்தக் குளிரில் வண்டியோட்டிக்கொண்டு ஒருவன் இருக்கிறானே என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது நாவலல்ல, சிறுகதை. ஓ. ஹென்றி 1905இல் எழுதிய, டெல்லாவும் ஜிம்மும் பரிசு கொடுக்கும் கதை. அவள் கையில் இருப்பது ஒரு டொலர் 87 சதம். கூந்தலை விற்று அவனுடைய கைக்கடிகாரத்துக்கு அல்ல, சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவன் கடிகாரத்தை விற்று அவளுக்குச் சீப்பு வாங்கியிருக்கிறான். பண்டிகை முற்பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்த வீட்டில் இந்தக் கதைக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "ரெண்டும் பைத்தியங்க" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது, பெட்டி நீல்ஸ். ஆசிரியையான பிறகு எனக்குக் கிடைத்தவர். தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற பிறகே எழுதத் தொடங்கினார். முதல் நாவல் 1969இல் வந்தது. 2001இல் இறப்பதற்குள் 130க்கு மேல் எழுதிவிட்டார். 'த மிசல்டோ கிஸ்' கதாநாயகி வைத்தியசாலையில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவள். பெரிய அழகியல்ல, வேலைக்குப் போய் வீட்டையும் பார்ப்பவள். டச்சு வைத்தியர் வருவார். எல்லாக் கதையிலும் ஏறக்குறைய அதே வைத்தியர்தான். ஆனால் களைத்துப்போன பெண்ணுக்கு ஒருவர் தேநீர் கொண்டுவந்து கொடுப்பதையே காதலாக எழுதத் தெரிந்தவர் அவர். தேயிலை பறித்த கைகளுக்கு யார் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்?

தமிழில் ரமணிசந்திரனை விடமுடியாது. வெளிநாட்டிலிருக்கும் தங்கைமார்கூடப் பெட்டியில் அவரைத்தான் கொண்டுபோகிறார்கள். அவருடைய பணக்காரக் கதாநாயகர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அது வேறொரு நாள்.

நம் மலைகளைத் தேடுகிறவர்களுக்கு கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' இரண்டும் இருக்கின்றன. இவை காதல் நாவல்கள் என்று சொல்லிக் கொடுத்தால் என்னை ஏசுவீர்கள். ஆனால் விறகு சுமந்தவர்கள் இவற்றில் முன்னால் வந்து நிற்கிறார்கள். லயத்து வீடொன்றில், பாலன் குடிலுக்குப் பாசி பொறுக்கப்போன இடத்தில் தொடங்கும் ஒரு நல்ல காதல் நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. இங்கே எழுதக்கூடிய கைகள் பல இருக்கின்றன. பெயர் சொன்னால் வெட்கப்படுவார்கள்.

நூற்றாண்டை முன்னிட்டு நூலகத்தில் விடுமுறை வாசிப்புக்கென்று ஓர் அலுமாரி வைக்க அதிபர் சம்மதித்திருக்கிறார். ஆளுக்கொரு புத்தகம் அனுப்புங்கள். கதை எதுவானாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் மட்டும் கிழியாமல் இருக்கட்டும். உறையில் உண்மையான தலைப்பையே எழுதுங்கள்.