தோல் பதனிடும் தொழிலில் புதுமையும் நம் பங்கும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

தாமே அளந்து தாமே இயங்கும் பொறிகளைக் கொண்டும், நீரையும் நிலத்தையும் கெடுக்காமலும் பொருள்களை ஆக்கும் புதிய முறைகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தார்கள். பொருள் மிகப் பெரிது. ஆகவே நமக்கு நன்கு தெரிந்த தோல் தொழில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இச்சொல்லைக் கேட்டதும் முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. "அதை மறக்கத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம்" என்று அவர்கள் எண்ணுவார்கள். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. செத்த மாட்டைச் சுமப்பதும் தோலை உரிப்பதும் நம் முன்னோர் விரும்பி ஏற்றவை அல்ல, அவர்கள்மீது சுமத்தப்பட்டவை. அண்ணல் அம்பேத்கரும் அவற்றை விட்டொழிக்கச் சொன்னார். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். தோல் இழிவாகக் கருதப்பட்டவரை அது நம்முடையதாக இருந்தது. அதுவே ஏற்றுமதிச் சரக்காகிப் பணம் ஈட்டத் தொடங்கியதும் ஆலை பிறருடையதாயிற்று. சுண்ணாம்புக் குழி மட்டும் நமக்கென்று நின்றது.

முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் குரோமிய உப்பினால் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்துப் பரப்பினார். பின்னர் குரோம் தோல் கம்பெனி எழுந்த இடமே இன்றைய குரோம்பேட்டை. மின்சார ரயிலில் அவ்வூரைக் கடப்பவருள் எத்தனை பேர் அப்பெயரின் காரணத்தை அறிவார்களோ!

வேகம் கிடைத்தது, கூடவே கேடும் வந்தது. பழைய குரோம் முறையில் நூற்றுக்கு 60 முதல் 70 பங்கு குரோமியமே தோலில் ஏறும். மீதி கழிவுநீரோடு போகும். தோல் அழுகாதிருக்கத் தூவிய உப்பும், மயிர் நீக்கச் சேர்த்த சுண்ணாம்பும், சோடியம் சல்பைடும் உடன் செல்லும். பாலாற்றங்கரையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இராணிப்பேட்டையும், தெற்கே திண்டுக்கல்லும் இதன் விளைவைக் கண்டன. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலே, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதென்ற ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. கெடுத்தவரே ஈடு செலுத்த வேண்டுமென்ற நெறியை நிலைநாட்டிய தீர்ப்பு அது. அதில் அம்மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே காணப்படுகிறது. நிலம் உடையவர் பெயர் பட்டாவில் இருக்கும். அவர் ஈடு கேட்கலாம். அந்நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவள் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்?

இனிப் புதுமைகளுக்கு வருவோம். 1948இல் சென்னை அடையாறில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் அரும்பணி ஆற்றி வருகிறது. சல்பைடுக்குப் பதிலாக நொதிகளால் மயிர் நீக்கும் முறையும், பதனிடும் கட்டத்தில் நீரே சேர்க்காத குரோம் முறையும் அங்கே உருவாயின. கழிவில் போகும் குரோமியத்தை மீட்கவும் வழி உண்டு. மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் வீழ்படிவாக அடியில் தங்கும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். இது எட்டாத வித்தை அன்று. வீழ்படிவு என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! நவீன ஆலையிலே சுழலும் டிரம்முக்குள் எவ்வளவு நீர், எவ்வளவு உப்பு, எப்போது அமிலம் என்பதைக் கணினி அளந்து செலுத்துகிறது. வெட்டும் மேசையின்மேல் உள்ள கேமரா தோலின் தழும்புகளைக் கண்டறிய, அவற்றை ஒதுக்கித் துண்டு வீணாகாமல் வெட்டும் வழியைப் பொறியே கணிக்கிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று கருத வேண்டா. ஒரு சொட்டும் வெளிவிடாத சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகளின் வழியே நீரைப் பிரித்து, எஞ்சியதைக் கொதிக்க வைத்து வற்றச் செய்கிறார்கள். நீர் திரும்பக் கிடைக்கிறது. பல்வேறு உப்புகள் கலந்த கசடு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் தேங்குகிறது. மின்சாரச் செலவோ சிறிய ஆலைகளை அழுத்துகிறது. பாலாற்று மாசு குறித்து 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்ததே, வேலை முடியவில்லை என்பதற்குச் சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி மாணவர்களை ஒரு சுத்திகரிப்பு நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். குளிரூட்டப்பட்ட அறையில் விளக்குகள் மின்னும் பலகைக்கு முன் இரு இளைஞர்கள் அமர்ந்து எல்லாவற்றையும் இனிமையாக விளக்கினார்கள். வெளியே வந்தபோது, கசடுத் தொட்டியின் ஓரத்தில் முழங்கால்வரை நனைந்து நின்ற ஒருவர், "ஐயா, வணக்கம்" என்றார். நம்மிடம் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். நம் பிள்ளைகள் அவரையும் பார்த்தார்கள், அந்தக் கண்ணாடி அறையையும் பார்த்தார்கள். திரும்பும் பேருந்தில் ஒருவரும் பாடவில்லை.

அந்தத் தொட்டி எத்தகையது என்பதையும் சொல்ல வேண்டும். சல்பைடு கலந்த நீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்பவனே மடிகிறான். அவனைத் தூக்க இறங்குபவனும் மடிகிறான். வாயுவை அளந்து ஒலியெழுப்பும் கருவி உள்ளங்கை அளவே இருக்கும். அக்கருவி இல்லாத ஆலையில் எவ்வளவு கணினி இருந்தும் என்ன? 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் விட்டு விலகிய இடத்தில் வேறு ஏழைகளை நிறுத்துவது நமக்கு விடுதலை ஆகாது.

ஆகவே இளைஞர்களே, இத்தொழிலை வெறுத்து ஓடவும் வேண்டா. பழைய வாசல் வழியே நுழையவும் வேண்டா. சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு உண்டு. கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் இரசாயன ஆலைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு உண்டு; பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணக்கும் தேறியவர் அதில் சேரக் கருதலாம். சொந்தமாகத் தொழில் தொடங்க எண்ணுவோர், தமிழக அரசு 2023இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிய வேண்டும்.

விண்ணப்பம் எழுதத் தயங்குவோர் வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்திற்கு மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் எடுத்து வருக. ஆசிரியர் இருவருடன் நாமும் பகல்வரை அங்கிருப்போம். பெண்பிள்ளைகளையும் தவறாமல் அழைத்து வரவேண்டும்.